கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்

கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது புளியமரத்தடியில் ஓர் இருட்டு கூடுதலாக இருந்தது.

கவிநிலா கண்ணை முழுதாகத் திறந்தாள். மரத்தடியில் ஒன்றும் இல்லை. மாலை வெயில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சாய்ந்து வந்து, வேர்க்கடலைச் செடிகளின் மேல் படர்ந்து, புளியமரத்தின் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழும் புகுந்து, அடிமரத்தின் வெடிப்புகளைக்கூடக் காட்டிக்கொண்டிருந்தது. மரத்துக்கு அப்பால் கிரிவலப் பாதையோரத்து மரங்கள். அவற்றுக்கு மேலே செம்பழுப்பாக மலை. காற்றில் காய்ந்த மண்ணின் மணமும், எங்கோ யாரோ எரித்த சருகின் புகையும் கலந்து வந்தன. இந்த வெளிச்சத்தில் அந்த மரத்தடியில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் அதன் காது தெரியும்.

மறுபடி சுருக்கினாள். இருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு, அடிமரத்தை ஒட்டாமல், சற்று விலகி.

கண்ணைச் சுருக்குவது மாறன் சார் கற்றுக்கொடுத்த பழக்கம். பகலில் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் ஒரு பாத்திரக்கடை மாடியில் அவர் நடத்தும் ஓவிய வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். "தூரிகையைத் தொடறதுக்கு முன்னாடி கண்ணைப் பாதி மூடுங்க," என்பார் அவர். "இலை, கிளை எல்லாம் காணாமப் போயிடும். வெளிச்சம் எது, இருட்டு எது, அது மட்டும் மிஞ்சும். மொதல்ல இருட்டை வைங்க. தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க." தன் கையின் மேல் நம்பிக்கை இல்லாத கவிநிலா அவர் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்ன வரிசையிலேயே செய்வாள். அப்படிச் செய்தும் அவள் படங்கள் தட்டையாகவே இருந்தன. பிழை எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் அன்றும் தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரைந்தாள்.

மரத்தின் நிழலுக்குள் ஊதா இருந்தது, அடர்ந்த பச்சை இருந்தது. அந்த ஆள் உயர இருட்டுக்குள் மட்டும் எந்த நிறமும் இல்லை. நீலத்தையும் பழுப்பையும் கலந்து பார்த்தாள். போதவில்லை. நிழலுக்குக் கருப்பைத் தொடவே கூடாது என்பது வகுப்பின் சட்டம். வாங்கிய நாளிலிருந்து மூடி திறக்காத கருப்புக் குழாயைத் திறந்தாள்.

வைத்து முடித்து நிமிர்ந்தபோது இன்னொன்று உறைத்தது. வெயில் இறங்க இறங்க மற்ற நிழல்கள் எல்லாம் மலையை நோக்கி நீண்டிருந்தன. அது மட்டும் நீளவில்லை.

வரப்பில் அம்மா வந்துகொண்டிருந்தாள். தலையில் புல்லுக்கட்டு. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பெருவிரலால் வரப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, பிறகு காலை ஊன்றினாள். அம்மா காசியம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை கம்மியானால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை வீட்டில் குந்தியிருக்க அவளால் முடியாது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருவர்தான். மகள் டவுனுக்குப் போய்விட்டால் அம்மாவுக்கு மாடும் நிலமும்தான்.

"இன்னாடி, இன்னும் அந்த மரத்தையேவா வரஞ்சினு இருக்க?"

"ஆமாம்மா."

"இருக்கற மரத்தை எதுக்கு வரையணும்? அது எங்கயாவது ஓடிடப் போவுதா?" அம்மா சிரித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனாள்.

கவிநிலா போனில் மரத்தைப் படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கியும் பார்த்தாள். போனில் அது இல்லை. கண் களைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அல்லது இத்தனை நாளும் அவள் சரியாகச் சுருக்கவே இல்லையோ என்னவோ.

*

மாறன் சார் படத்தை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது, மரத்தடியில?"

"யாரும் இல்ல சார். இருட்டா தெரிஞ்சது, வெச்சேன்."

"நல்லா வெச்சிருக்கீங்க. இந்த ஒரு ஆளாலதான் படம் நிக்குது. இது இல்லேன்னா வெறும் காலண்டர்."

பக்கத்து மேசையில் வல்லரசு எட்டிப் பார்த்தான். பகலில் செல்போன் ரிப்பேர், சாயங்காலம் வாட்டர்கலர். "அக்கா, மரத்தடியில யாரையோ நிக்க வெச்சிட்டு யாரும் இல்லன்றீங்க. வூட்ல தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து யாரும் அவள் படத்தைச் சுற்றி நின்றதில்லை. அடுத்த வாரம் நடக்கும் மாணவர் கண்காட்சிக்கு இதையே வைக்கலாம் என்றார் சார். வயலை மட்டும் இன்னொரு சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிடச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும்போது மடியில் படத்தை ஈரம் படாமல் பிடித்திருந்தாள். பாதையோரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் படத்தின் மேல் ஏறி இறங்கின. மஞ்சள் வெளிச்சம் வயலில் பட்டது, மரத்தில் பட்டது, மலையில் பட்டது. அந்தக் கருப்பில் படவில்லை.

*

அடுத்த சாயங்காலம் கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அதே வெயில். அதே புகை மணம். தூரத்தில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் மணி ஒருமுறை அடித்து, ஓசை நீண்டு நீண்டு அடங்கியது. கீழே வயலில் அம்மா குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாள் புல்லைக் கடிக்கும் ஒலி, நின்று, மறுபடி தொடங்கி, அமைதியாக வந்துகொண்டிருந்தது. அம்மா நைந்துபோன மாம்பழ மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். வயல் முழுவதிலும் வெயில் அதிகம் பிடித்தது அந்தச் சேலைதான்.

கவிநிலா கண்ணைச் சுருக்கி மரத்தடியைப் பார்த்தாள்.

இல்லை.

நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. கண் களைப்புதான். அப்படியே பாதி மூடிய கண்ணோடு பார்வையை வயல் மேல் மெல்ல நகர்த்தினாள். செடிகள் கலங்கிய பச்சையாக ஓடின. பிறகு அம்மாவின் மஞ்சள். மஞ்சளை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தொலைவில், அது.

திறந்தாள். அம்மா தனியாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

சுருக்கினாள். மஞ்சள் குனிந்திருந்தது. கருப்பு அதன் மேல் குனிந்திருந்தது.

"அம்மா!"

தன் குரல் அத்தனை பெரிதாக வந்தது அவளுக்கே ஒருமாதிரி இருந்தது. காசியம்மாள் நிமிர்ந்து, சத்தம் வந்த திக்கில் முகத்தைத் திருப்பினாள். கவிநிலா செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி, அம்மாவின் கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்து வந்தாள். அம்மாவின் கை சில்லென்று இருந்தது.

"இன்னாடி, பாம்பா?"

"இல்ல. போதும், வா."

"இருடி. அந்தம்மாவாண்ட சொல்லிட்டு வரேன்."

"எந்தம்மா?"

"அதான், கருப்புச் சேலை கட்டினு நிக்குதே." காசியம்மாள் வெற்று வயலைப் பார்த்துத் தலையசைத்தாள். "கிரிவலம் வந்து வழி தப்பின அம்மா போல கீது. மொத நாளு மரத்தாண்டயே நின்னுனு இருந்துச்சு. தண்ணி வேணுமான்னேன். பேச மாட்டேங்குது. இன்னிக்குக் கிட்ட வந்துட்டுது. பாவம், பேசலன்னாலும் தொணைக்கு ஆச்சு."

"அங்க யாரும் இல்லம்மா."

"உனுக்குக் கண்ணு நல்லா இருக்குன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"இனிமே நான் இல்லாதப்ப வயலுக்குப் போவாத."

அம்மா புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நீ டவுனுக்குப் போயிடற. ராத்திரி வந்து சோறு துன்னுட்டு படத்தைப் பாத்துனு குந்திக்கற. நான் யாராண்ட பேசறது?" அதில் கோபம் இல்லை.

படத்தை எடுத்து வரத் திரும்பிப் போனாள். வயலைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தாள். அவள் யோசிக்கும் முறை எப்போதும் ஒன்றுதான்: எது முதலில் நடந்தது, எது அடுத்தது. அம்மாவுக்குப் புரை வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. இந்த அம்மாளைப் பற்றி முன்பு ஒருநாளும் அவள் சொன்னதில்லை. அம்மாவின் மொத நாள் எது? கவிநிலா கருப்புக் குழாயைத் திறந்த நாள்.

சுருக்கிப் பார்த்தால் அவளுக்குத் தெரிவது, புரை விழுந்த அம்மாவுக்கு எப்போதும் தெரிகிறது. அம்மாவால் கண்ணை வேறுமாதிரி திறந்துகொள்ள முடியாது. ஆபரேஷன் வரை.

அதுவரை காத்திருக்கக் கூடாது. வரைந்ததை எடுத்துவிட வேண்டும்.

*

"எடுக்கணும்னா எடுங்க," என்றார் மாறன் சார். அவருக்கு மனமில்லை என்பது குரலில் தெரிந்தது. "ஆனா அந்த எடம் காலியா இருந்தா படம் செத்துரும். அங்க ஒரு ஆள் வேணும். இருட்டு வேணாம்னா வெளிச்சத்துல ஒரு ஆளை வைங்க."

எந்த ஆளை வைப்பது என்று கவிநிலா அதிகம் யோசிக்கவில்லை. பார்க்காமலே அவள் கைக்கு வரக்கூடிய உருவம் உலகத்தில் ஒன்றுதான். குனிந்த முதுகு, ஒரு பக்கம் சற்றே இறங்கிய தோள், மாம்பழ மஞ்சள் சேலை.

கருப்பு எளிதில் மறையவில்லை. முதல் பூச்சில் மஞ்சள் அழுக்குப் பச்சையானது. காயவிட்டு மறுபடி பூசினாள். ஜன்னலுக்கு வெளியே டவுனின் ஹாரன் சத்தம், கீழே பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தம், அக்ரிலிக் வாசனை, மின்விசிறியின் கிறீச். பிடிவாதமாகப் பூசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கருப்பு அடியில் இறங்கிப் போனது. புளியமரத்தடியில், வெயிலில், சின்னதாக அம்மா நின்றாள். காலுக்குக் கீழே ஒரு துளி ஊதா நிழல் வைத்ததும் மண்ணில் ஊன்றியே நின்றாள்.

வல்லரசு பின்னால் வந்து நின்று தலையை ஆட்டினான். "இப்பதான்க்கா உயிர் வந்துருக்குது."

கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தாள். வயல் நடுத்தரம், மரம் இருட்டு, அம்மா வெளிச்சம். எல்லாம் அதனதன் இடத்தில். படத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள். காலையில் சட்டம் போட வேலூருக்கு எடுத்துப் போவதாகச் சார் சொன்னார்.

அடி அண்ணாமலையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து ரவிக்கை கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கவிநிலா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அம்மா நூலை ஊசியில் ஒரே முயற்சியில் கோத்தாள்.

"எப்படிம்மா?"

"நல்லாத் தெரியுது."

"எப்பலருந்து?"

"சாயங்காலத்துலருந்து. ஆபரேஷன் வேணாம்." அம்மா எழுந்து, எதையும் தடவாமல், நடுவில் கிடந்த முக்காலியைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, அந்தம்மா? மறுபடி வந்தாங்களா?"

"எந்தம்மா?"

கவிநிலாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷம்தான். அன்று இரவு வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினாள். தூக்கத்துக்கு முன் ஒரே ஒரு சின்ன உறுத்தல், வழக்கம்போல அதையும் தன் சந்தேக புத்தி என்று ஒதுக்கினாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா அவளை ஒருமுறைகூடக் கேலி செய்யவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை, பயம் போய்விட்டது என்று தனக்கே காட்டிக்கொள்ள, புதுப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள்.

முன்னால் அம்மா உட்கார்ந்து, பிடுங்கிய செடிகளிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் வயல், மரம், மலை. வெயில் கவிநிலாவின் தோளைத் தாண்டிப் போய் நேராக அம்மாவின் மேல் விழுந்தது. அதே மஞ்சள் சேலை. முகத்தின் சுருக்கம், கையில் ஒட்டிய ஈர மண், நரைத்த முடி ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. காய்கள் முறத்தில் விழுந்தன. டொப். டொப். பச்சைக் கடலையின் மணம் களம் முழுக்க நிறைந்திருந்தது.

"அசையாம இரும்மா. உன்னைத்தான் வரையப் போறேன்."

"வரை," என்றாள் அம்மா.

கவிநிலா தூரிகையை நனைத்தாள். முதலில் இருட்டு. கண்ணைச் சுருக்கினாள்.

களம் வெளிச்சம். வயல் நடுத்தரம். மரம் இருட்டு.

அம்மா இருட்டு.

திறந்தாள். வெயிலில் மஞ்சள் சேலை பளீரென்று இருந்தது. டொப். டொப்.

பின்வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். சூரியன் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. சரியான இடத்தில்.

சுருக்கினாள். களத்தில், ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு, ஊதா இல்லாத, பச்சை இல்லாத, எதுவும் இல்லாத கருப்பு. காய் விழும் சத்தம் நின்றிருந்தது.

திறந்தாள். டொப்.

சுருக்கினாள். சத்தம் இல்லை. கருப்பை விட்டுப் பார்வையை இழுத்து, வயலின் மேல், தூரத்துக்கு, மரத்தடிக்குக் கொண்டுபோனாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. கை செய்ததைக் கண் தேடிப் போனது.

புளியமரத்தடியில் சின்னதாக ஒரு மஞ்சள்.

குனிந்த முதுகு. ஒரு பக்கம் இறங்கிய தோள். அது கையை உயர்த்தியிருந்தது. கூப்பிடுவதுபோல. அது நடந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பெருவிரலால் தரையைத் தடவி, தடவி, பிறகு ஊன்றி. வீட்டை நோக்கி. ஊன்றினாலும் அடி நகரவில்லை. நடந்து, நடந்து, அதே இடத்தில்.

அங்கே அம்மாவை நிறுத்தியது யார் என்று கவிநிலா யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மண்ணில் ஊன்றி நிற்கட்டும் என்று காலடியில் நிழலும் வைத்தாள். அங்கிருந்து எடுத்த கருப்பு எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். மரத்தடியில் யாரும் இல்லை. வெயில் மட்டும்.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றது களத்திலிருந்து அம்மாவின் குரல். தலை நிமிரவில்லை. விரல்கள் ஆய்ந்துகொண்டிருந்தன.

மரத்தடியில் நின்ற அம்மாவைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் சுருக்க வேண்டும். சுருக்கினாள். தூரத்து மஞ்சள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது, வாய் திறந்து திறந்து மூடியது, ஓசை வரவில்லை. களத்துக் கருப்பு உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்றது.

திறந்தாள். அம்மா உட்கார்ந்திருந்தாள். டொப்.

சுருக்கக் கூடாது.

இமைக்கவும் கூடாது. ஒவ்வோர் இமைப்பிலும் கண் பாதி மூடித்தான் முழுதாக மூடுகிறது. இதுவரை அவள் அதை நினைத்ததே இல்லை.

கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைக் கொண்டிருந்த முகத்தைப் பார்த்தபடி. காற்று வீசியது. களத்துத் தூசி. கண் எரிந்தது. இமை துடித்தது. பிடித்தாள். பிடித்தாள்.

நீர் ஊறியது.

முதலில் கீழ் இமையில் ஒரு கோடு. பிறகு செடிகளின் ஓரம் கலங்கியது. மலை கலங்கியது. மஞ்சள் சேலையின் மடிப்புகள் ஒன்றோடொன்று கரைந்து, நிறம் வடிந்து போயின.

காய் விழும் சத்தம் நின்றது.

நீருக்கு அப்பால், வெகுதூரத்தில், ஒரு மஞ்சள் புள்ளி நகராத காலால் ஓடிக்கொண்டிருந்தது. நீருக்கு இப்பால், அவள் மூச்சுக்கு எட்டும் தொலைவில், கருப்பு மெதுவாகக் குந்தி, முகம் இருக்க வேண்டிய இடத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தது.